டர்பன் பூங்காக்களில் டென்னிஸ்: பூட்டிய ஆடுகளத்தைத் திறக்கவைக்கும் வழி

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் ஆடுகளம் இருந்தும் கதவில் பூட்டுத் தொங்கினால், பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 5-ஆம் அட்டவணைப்படி உள்ளூர் விளையாட்டு வசதிகளும் நகரப் பூங்காக்களும் உள்ளாட்சியின் பொறுப்பு. மாகாண விளையாட்டுத் துறைக்கு அலைய வேண்டாம். நேராக டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடம் போங்கள்.

ஆடுகளத்தை நடத்துவது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றை மாநகராட்சியே வைத்திருக்கிறது. வேறு சிலவற்றில் நிலம் மாநகராட்சியுடையது, குத்தகை எடுத்த கிளப் நடத்துகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பூங்காக் காவலரிடமோ வார்டு கவுன்சிலர் அலுவலகத்திலோ மூன்று கேள்வி கேளுங்கள்: சாவி யாரிடம்? குத்தகை உண்டா, என்று முடிகிறது? பொதுமக்களுக்கு எந்தெந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். 'உறுப்பினருக்கு மட்டும்' என்று சொன்னால் குத்தகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். தராவிட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும், அதன்மேல் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் வார்டோடு நின்றுவிடவும் வேண்டாம். 1953-இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் பூங்காவையும் கடற்கரையையும் இனவாரியாகப் பிரித்தது. 1990-இல்தான் அது நீக்கப்பட்டது. அன்று வெள்ளையருக்கென ஒதுக்கிய பகுதிகளில் உள்ள மாநகராட்சி ஆடுகளங்களும் இன்று எல்லோருக்கும் பொது. சாட்ஸ்வர்த்தில் இருப்பவர் வெஸ்ட்வில்லில் நேரம் கேட்கத் தயங்கவே கூடாது.

முன்பதிவை எழுத்தில் செய்யுங்கள்: ஆடுகளத்தின் பெயர், நாள், மணி, ஆட்கள் எத்தனை பேர். ஒரே நாளில் நான்கு மணி நேரம் கேட்பதைவிட, வாரந்தோறும் ஒரே கிழமையில் இரண்டு மணி நேரம் கேட்பது நல்லது. காவலருக்கும் பழகிவிடும், ஆடுகளமும் சும்மா கிடக்காது. ஆளில்லாத ஆடுகளத்தில்தான் வலைக் கம்பியும் விளக்கின் செம்புக் கம்பியும் களவு போகின்றன. மாநகராட்சியின் கட்டணப் பட்டியல் நிதியாண்டோடு, ஜூலை 1-இல் மாறும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியருக்கும் சலுகை உண்டா என்று கேளுங்கள். பணம் கட்டிய ரசீதைக் கையோடு கொண்டுபோங்கள்; வாசலில் வரும் தகராறில் பாதி அதோடு தீரும். விளக்கு எரியும் என்று நம்பி நேரம் குறிக்காதீர்கள். ஜூனில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

பணம் கட்டுமுன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கோடுகளுக்குள் ஆடுகளம் 23.77 மீட்டர் நீளம், இரட்டையருக்கு 10.97, ஒற்றையருக்கு 8.23 மீட்டர் அகலம். வலை நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 1.07 மீட்டர் உயரம். அளவுநாடா இல்லையென்றால் ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்காக வையுங்கள். ஏறக்குறைய நடு உயரம் கிடைக்கும். வலையை முறுக்கும் கைப்பிடிதான் அடிக்கடி காணாமல் போவது. உறுதியான நைலான் கயிறு ஒன்று பையில் இருக்கட்டும்.

தரையை இன்னும் கவனமாகப் பாருங்கள். டர்பனின் கோடை மழையிலும் புழுக்கத்திலும் மர நிழல் விழும் மூலைகளில் கருமையாகப் பாசி படியும். காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், ஓடிவந்து நிற்கும்போது கால் வழுக்கிவிடும். முழங்காலும் மணிக்கட்டும் அடிபடுவது இப்படித்தான். கம்பித் தூரிகையாலோ அழுத்த நீரைப் பீய்ச்சியோ தேய்த்தால் பாசியோடு வண்ணப் பூச்சும் உரியும். மென்மையான தூரிகையும் நீர்த்த குளோரினும் போதும், அதுவும் அனுமதி வாங்கிய பிறகு. வேர் கிளப்பிய வெடிப்பில் காலணி நுனி மாட்டினால் அந்தப் பக்கம் ஆடாதீர்கள். பக்கத்தில் ஒரு ராண்ட் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், வெடிப்பின் அளவு படத்திலேயே தெரியும்.

அந்தப் படம் பட்ஜெட் நேரத்தில் உதவும். நிதியாண்டு தொடங்க 90 நாள் இருக்கும்போதே, அதாவது மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட் சபைக்கு வந்துவிட வேண்டும். பிறகுதான் மக்களின் கருத்தைக் கேட்பார்கள். பல ஆண்டுகளில் அது புனித வெள்ளியை ஒட்டி வரும். அப்போது மவுன்ட் எட்ஜ்கோம், இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில்களின் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிற பரபரப்பில் கடைசித் தேதி நழுவிவிடும், முன்கூட்டியே குறித்துவையுங்கள். 'பூங்காவை மேம்படுத்துங்கள்' என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். 'இந்தப் பூங்காவின் 2-ஆம் ஆடுகளத்துக்கு வலை ஒன்று, கம்பம் இரண்டு, 6 மீட்டர் வெடிப்பை அடைக்க வேண்டும்' என்று எழுதுங்கள். ஆடுபவர்களின் கையெழுத்தையும் சேர்த்து, நகல் ஒன்றை வார்டு குழுவிடம் கொடுங்கள்.

கிடைத்தது ஒரே ஆடுகளம், பிள்ளைகள் நிறைய என்றால் அகலவாட்டில் பிரியுங்கள். சுமார் 11 மீட்டர் நீளமும் 5.5 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு சிறு களங்கள் அமையும். 80 செ.மீ. உயரத்தில் நாடா கட்டி, மெதுவாக எழும் சிவப்புப் பந்தைக் கொடுத்தால் ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகள் ஆடலாம்.