மேம்படுத்திய கணினி தொடங்கவில்லையா? போர்மட் செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை

இயங்குதளத்தை மேம்படுத்திய பின் கணினி தொடங்க மறுத்தால், நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு உடனே போர்மட் அடித்து, அதாவது வன்தட்டை முழுவதும் துடைத்துவிடுவதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்ததை அடுத்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பழைய கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றுகிறவர்கள் பலர். அப்படி மாற்றிய ஒரு குடும்பத்தின் கணினியை அண்மையில் பார்த்தேன். 2009 இடப்பெயர்வில் படங்கள் அனைத்தையும் இழந்தவர்கள், வெளிநாட்டு உறவினரிடம் கேட்டுச் சேர்த்த படங்களை அந்த ஒரே வன்தட்டில் வைத்திருந்தார்கள். திருத்தக் கொடுத்த அன்றே அது துடைக்கப்பட்டுவிட்டது. கணினி தொடங்காதபோது பெரும்பாலும் பழுதாகியிருப்பது தொடக்கக் கோப்புகளோ ஓர் அமைப்போதான். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்.

பொறுமையின்றி மின்னை நிறுத்துவது அடுத்த தவறு. பழைய வன்தட்டில் மேம்படுத்தல் ஒரே சதவீதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கக்கூடும். வன்தட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். மாரி இடிமுழக்கத்தோடு மின்தடை வரும் நாட்களில், யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நான் அதிகம் காண்பது, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயோஸின் அமைப்பில் நேரும் தவறு. விண்டோஸ் 11 பாதுகாப்பான தொடக்க வசதியைக் கேட்கிறது என்பதற்காக, பழைய ‘லெகசி’ தொடக்க முறையைப் புதிய ‘யூஇஎஃப்ஐ’ முறையாக மாற்றிவிடுகிறார்கள். வன்தட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், அதன் பிறகு இயங்குதளமே இல்லை என்று திரை சொல்லும். மாற்றியதைப் பழையபடி வைத்தாலே பல கணினிகள் எழுந்துவிடும். யாரும் கை வைக்காமலேயே இது நேர்ந்தால், தாய்ப்பலகையிலுள்ள சிஆர் 2032 வட்ட மின்கலத்தைப் பாருங்கள். அது செயலிழந்த கணினியில் மின்சாரம் போய் வரும்போது அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். திகதியும் நேரமும் பிழையாகக் காட்டுவதே அதற்கு அடையாளம். பழி மேம்படுத்தலின் மீது விழுகிறது, தேவைப்படுவதோ ஒரு சிறிய மின்கலம்.

கணினி விண்டோஸ் 11க்கு ஏற்றதா என்று பார்க்கும் தகுதிச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி நிறுவுவதையும் தவிர்க்க வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ போன்ற பழைய செயலிகளில் இல்லாத ஒரு கட்டளையைக் கட்டாயமாக்கியுள்ளதால், அவற்றில் அது தொடங்கவே தொடங்காது. எத்தனை முறை மீள நிறுவினாலும் பயனில்லை. அத்தகைய கணினிக்கு உபுண்டு போன்ற இலவச இயங்குதளமே பொருத்தம் என்பது என் கருத்து.

வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கர், திரையில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டால், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் பதிவுகளை அழித்துப் பார்க்காதீர்கள். திறவுகோல் பொதுவாக உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். வாங்கிய நாளில் கடைக்காரரோ உறவினரோ தமது தொலைபேசி எண்ணால் அந்தக் கணக்கைத் திறந்திருக்கலாம் என்பதால், அவர்களிடமும் கேளுங்கள். திறவுகோல் இன்றி உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

தொடர்ந்து இருமுறை தொடங்கத் தவறினால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குச் செல்லும். அங்கே தொடக்கப் பழுதுபார்ப்பையும், பின்பு அண்மைய மேம்படுத்தலை நீக்கும் வழியையும் முயலுங்கள். முந்தைய பதிப்புக்குத் திரும்பப் பொதுவாக 10 நாட்களே அவகாசம் உண்டு. இடம் போதவில்லை என்று ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறையை அழித்தால் அந்த வழியும் அடைபடும். உபுண்டுவில் தொடக்கப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால், வேறொரு கணினியில் உபுண்டுவைப் பென்ட்ரைவில் ஏற்றி, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்ற தெரிவில் தொடங்கி, கோப்புகளை வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுங்கள். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். திருத்தக் கொடுக்கும்போது, ‘கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்’ என்று தாளில் எழுதிக் கணினியிலேயே ஒட்டிக் கொடுங்கள். பிட்லொக்கரின் அந்த 48 இலக்கங்களையும் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் இருக்கும் அதே பைக்குள் வையுங்கள்.