நூலகம், காப்பகம், அருங்காட்சியகம்: செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு முன்மொழிவு அனுப்பும் முறை

நூலகம், காப்பகம், அருங்காட்சியகங்களில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி நடக்கும் மாநாடுகளில் முக்கியமானது ஃபெண்டாஸ்டிக் ஃபியூச்சர்ஸ். 2018இல் ஓஸ்லோவில் நார்வே தேசிய நூலகத்தில் தொடங்கியது. பிறகு ஸ்டான்ஃபோர்டு, பாரிஸ், வான்கூவர், கான்பரா, லண்டன் என்று ஊர் மாறி நடந்திருக்கிறது. வருகிறவர்களில் பலர் நூலகர்கள், காப்பாளர்கள், மின்னாக்கப் பணியாளர்கள். புதிய செயற்கை நுண்ணறிவு மாடல் கண்டுபிடித்ததைச் சொல்லும் இடமல்ல இது. கையில் இருக்கும் மாடலை ஒரு சேகரிப்பின் மேல் ஓட்டியபோது என்ன நடந்தது என்று சொல்லும் இடம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முன்மொழிவு கேட்டு அழைப்பு வந்ததும் மாநாட்டை நடத்துவது யார் என்று பாருங்கள். 2024இல் கான்பராவில் நடத்தியது ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம். அப்படியொரு நிறுவனம் நடத்தும்போது, பேச்சை எழுத்தாக்கும் வேலை உங்களிடம் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அடுத்து வடிவம். வேலை முடிந்து அளவீடு கையில் இருந்தால் உரை. பாதியில் நிற்கிறது என்றால் சுவரொட்டியோ ஐந்து நிமிட மின்னல் உரையோ போதும். குழு விவாதத்துக்கு ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைப் போடாதீர்கள். ஒத்த கருத்துடையவர்கள் மாறி மாறித் தலையாட்டுவதற்கு யாரும் இடம் தரமாட்டார்கள். பயிலரங்கம் என்றால் எத்தனை பேர், மடிக்கணினி வேண்டுமா, எந்தக் கணக்கை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும், இணையம் படுத்துவிட்டால் மாற்று என்ன என்பதெல்லாம் முன்மொழிவிலேயே இருக்க வேண்டும்.

இனி முன்மொழிவில் கொடுக்கும் சுருக்கம். 300 சொல் வரம்பு என்றால் சிக்கலைச் சொல்ல 40 சொல், சேகரிப்புக்கு 60, செய்த முறைக்கு 70, விளைவுக்கும் தோல்விக்கும் 90, கேட்பவர் ஊருக்குக் கொண்டுபோகக்கூடியது என்ன என்பதற்கு 40. பலர் முதல் நூறு சொல்லை ‘செயற்கை நுண்ணறிவு உலகை மாற்றிவருகிறது’ என்ற ரகத்தில் செலவழித்துவிடுகிறார்கள். மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். தெரியாதது உங்கள் சேகரிப்புதான்.

பழைய தமிழ் அச்சு நூல்களை ஓசிஆர் செய்த, அதாவது பக்கப் படங்களைக் கணினியில் தேடக்கூடிய எழுத்தாக மாற்றிய, திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘நல்ல விளைவு கிடைத்தது’ என்ற வரியால் பயனில்லை. மொத்தம் எத்தனை பக்கம், எந்தக் காலத்து அச்சு, ஸ்கேன் எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), மெய்ப்புப் பார்த்து ஒப்பிட்ட பக்கங்கள் எத்தனை, அவற்றை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மாடலுக்குப் பயிற்சி கொடுத்த பக்கங்களையே சோதனைக்கும் வைத்திருந்தால் எண் அழகாக வரும். விவரமறிந்தவர் ஒருவர் கேட்டாலே அது கலைந்துவிடும்.

எழுத்துப் பிழை விகிதம் 5%, அதாவது நூறு எழுத்தில் ஐந்தை மாடல் தவறாகப் படித்தது, என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சொல்லுக்கு எட்டு எழுத்து, பிழைகள் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு 0.95ஐ எட்டு முறை பெருக்கினால் 0.66தான் வரும். மூன்றில் ஒரு சொல் பிழை, தேடினால் அகப்படாது. எனவே சொல் பிழை விகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எதை எண்ணினீர்கள் என்பதும் முக்கியம். ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து; கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு குறிகளாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினி பிழையென்று எண்ணும். ஒப்பிடும் முன் மாடல் தந்ததையும் மெய்ப்புப் பார்த்ததையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே சீராக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு மாற்றியதாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் வடிவமே வேறு. இன்றைய எழுத்துருக்களில் பழகிய மாடல் அங்கே தடுமாறும். வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு இது தெரிய வழியில்லை, ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள். இந்த மாதிரித் தோல்விதான் பிற எழுத்துமுறைகளில் வேலை செய்பவர்களையும் நிமிர்ந்து உட்காரவைக்கும்.

உரிமை பற்றி மறக்காமல் எழுதுங்கள். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை, இலங்கையில் 70. பக்கப் படங்களை வெளியார் சேவையகத்துக்கு அனுப்பினீர்களா, உரிமையாளர் ஒப்புதல் இருந்ததா என்பதும் கேள்வியாக வரும்.

பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் ஆசிரியர் பெயரையும், நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தள இணைப்பையும் நீக்குங்கள். சேகரிப்பின் பெயரே நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றால் ‘தென்னிந்தியக் காப்பகம் ஒன்று’ என்று எழுதலாம்.

கடைசி நேரம் ‘ஏஓஇ 23:59’ (எனிவேர் ஆன் எர்த், அதாவது உலகில் எங்காவது அந்தத் தேதி முடியாத வரை) என்றிருந்தால் நமக்கு மறுநாள் மாலை 5:29. லண்டன் நேரம் என்றால் கணக்கு மாறும்: குளிர்காலத்தில் மறுநாள் விடிகாலை 5:29, கோடையில் 4:29. படிவத்தை முந்தின நாளே நிரப்பிச் சேமித்து வையுங்கள். இணை ஆசிரியர் ஒவ்வொருவரின் மின்னஞ்சலும் நிறுவனப் பெயரும் கேட்கும் பக்கத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏற்பு வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். மாநாடு லண்டனில் என்றால், பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். கடிதத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தலைப்பெழுத்தை விரித்து எழுதும் நம் வழக்கத்தால் இரண்டும் பொருந்தாமல் போவது சாதாரணம்.