பாலாற்றுப் பாலம் ஏன் வளைந்தது? ட்ரோனில் ஃபிஷ்ஐ, அகல லென்ஸ் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்றுப் பாலம் நேராகத்தான் கிடக்கிறது. ஒரு கல்யாண வீட்டுக்காக நான் முதன்முதலில் ட்ரோனில் ஃபிஷ்ஐ லென்ஸ் (மீன் கண் போல மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ்) போட்டு அதை மேலிருந்து எடுத்தபோது வில்லாக வளைந்து வந்தது. வீடியோவைப் பார்த்த பெண்ணின் தாத்தா கேட்டார்: “இன்னா தம்பி, பாலம் இப்டி வளைஞ்சி கீது?” வருஷக்கணக்காக அந்தப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவர் அவர். அவருக்கு நான் காட்டியது அவருடைய பாலம் இல்லை.

அன்றிலிருந்து லென்ஸைக் கழற்றி வைத்துவிடவில்லை. அது எங்கே வளைக்கும், எங்கே வளைக்காது என்று பழகிக்கொண்டேன். ஃபிஷ்ஐ லென்ஸில் படத்தின் நட்டநடுவைத் தொட்டுப் போகும் கோடு மட்டும் நேராக நிற்கும். மற்ற கோடுகள் எல்லாம் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். அடிவானம் நடுவுக்கு மேலே இருந்தால் குன்று போல உப்பும். நடுவுக்குக் கீழே இருந்தால் தொட்டில் போலத் தொங்கும். மேலே ஏறியதும் நாம் எல்லோரும் செய்வது கேமராவைக் கீழே சாய்ப்பதுதான். உடனே அடிவானம் ஃபிரேமின் மேல் ஓரத்துக்குப் போய்விடும், பூமி உருண்டையாகிவிடும். அதைப் பூமியின் வளைவு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நமக்கு அனுமதி உள்ள 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரத்தில் பூமியின் வளைவு கண்ணுக்குத் தெரியாது. தெரிவது லென்ஸின் வளைவு.

அடிவானத்தைப் படத்தின் நடுவில் வையுங்கள். பாலம், ரயில் பாதை, கோட்டை மதில் போன்ற நீளமானவற்றைக் குறுக்கே போடாமல், நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக ஓடும்படி ட்ரோனைப் பறக்கவிடுங்கள். அதே லென்ஸில் அதே பாலம் நேராக வரும். வேலூரைச் சுற்றி மலைகள் இருப்பதால் அடிவானம் வளைந்தாலும் சட்டென்று உறைக்காது. காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் ஒருமுறை போய் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் விளிம்பு எந்தத் தவறையும் மறைக்காது.

“எடிட்டிங்கில் நேராக்கிக்கலாம்ணா” என்று என்னிடம் தொழில் பழகும் பையன் அடிக்கடி சொல்வான். கொஞ்சம் நேராக்கலாம், முழுக்க முடியாது. நேராக்குவது என்றால் ஓரங்களை இழுத்து நீட்டுவது. படத்தின் மையத்திலிருந்து 45 டிகிரி தள்ளி இருக்கும் பொருள் வெளிப்பக்கமாக 2 மடங்கு நீளும், 60 டிகிரி தள்ளி இருந்தால் 4 மடங்கு. டிஜேஐ அவாட்டா ட்ரோனில் உள்ளதைப் போல 155 டிகிரி பார்க்கும் கேமராவில் மூலைக்குப் போகப் போக 20 மடங்கையும் தாண்டிவிடும். அங்கே இருப்பது படமே இல்லை, பிசைந்த மாவு. அதை வெட்டி எறிந்தால் அகல லென்ஸ் போட்டதற்கே அர்த்தம் இல்லை. நான் பாதி அளவுக்குத்தான் நேராக்குவேன். லேசான வளைவு யார் கண்ணையும் உறுத்துவதில்லை. ஓரத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் மாமா இரண்டு மடங்கு பருத்துப்போவது உறுத்தும்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம் என்ற ஆசை இன்னொரு பெரிய தவறு. கணக்கைப் பாருங்கள். 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கும்போது, சாதாரண ட்ரோன் கேமராவின் 84 டிகிரி லென்ஸ் மூலைக்கு மூலை ஏறக்குறைய 108 மீட்டர் தரையைக் காட்டும். கோடுகளை வளைக்காத 120 டிகிரி லென்ஸ் 208 மீட்டர் காட்டும். அப்படியானால் ஒவ்வொரு பொருளும் பாதியாகச் சிறுத்துவிடுகிறது. வேலூர்க் கோட்டையின் அழகு அகழித் தண்ணீரை ஒட்டி எழும் கருங்கல் மதிலில் இருக்கிறது. உயரத்திலிருந்து அகல லென்ஸில் எடுத்தால் அந்த மதில் தரையில் வரைந்த கோடாகிவிடும். அகல லென்ஸ் போட்டால் தாழ்வாக, அருகில், முன்னால் ஏதாவது ஒரு பொருளை வைத்துத்தான் எடுக்க வேண்டும். (கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அனுமதி வாங்காமல் அங்கே ட்ரோனை ஏற்றாதீர்கள். அப்துல்லாபுரத்தில் விமான நிலையமும் இருப்பதால் இந்தப் பக்கம் எங்கே பறப்பதானாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தை முதலில் பாருங்கள்.)

வேகமாக முன்னால் போகும்போது ட்ரோன் மூக்கைக் கீழே தாழ்த்தும், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் அதை மட்டமாகப் பிடித்திருக்கும். அப்போது இறக்கைகள் படத்தின் மேல் ஓரத்தில் நுழையும். மெதுவாகப் போங்கள், அல்லது கேமராவைச் சற்றுத் தாழ்த்துங்கள். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 180 டிகிரி லென்ஸுக்குச் சூரியன் எப்போதும் எங்கேயாவது ஃபிரேமின் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும், இறக்கையின் நிழலும் கோடு கோடாகப் படத்தில் ஓடும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டுத் திட்டாக வரும். அகல லென்ஸில் போலரைசர் வேண்டவே வேண்டாம்.

மேலே மாட்டும் கூடுதல் லென்ஸில் பலர் கவனிக்காத ஒன்று எடை. 249 கிராம் ட்ரோனில் எதை மாட்டினாலும் 250 கிராமைத் தாண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரைதான் நானோ வகை, அதற்கு மேல் மைக்ரோ. மைக்ரோ ட்ரோனைக் காசுக்குப் பறக்கவிடுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். கல்யாண ஆர்டர் காசுக்குத்தானே எடுக்கிறோம்? கிம்பல் மோட்டாருக்கும் அந்த எடை சுமைதான். உங்கள் மாடலுக்கென்றே செய்த லென்ஸை மட்டும் வாங்குங்கள், ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

ஏரி, நிலம் அளக்கப் போகிறவர்களுக்கு: நேராக்கிய படங்களையோ, எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் (படத்தின் ஆட்டத்தைக் கேமராவே சரிசெய்வது) போட்ட படங்களையோ, படங்களைச் சேர்த்து வரைபடமாக்கும் மென்பொருளுக்குக் கொடுக்காதீர்கள். கேமரா கொடுத்ததை அப்படியே கொடுங்கள். வெப்ஓடிஎம் போன்ற மென்பொருளில் லென்ஸ் வகையை ஃபிஷ்ஐ என்று குறிக்க வழி இருக்கிறது. லென்ஸின் வளைவை மென்பொருள் தப்பாகக் கணித்தால், மட்டமான ஏரிப் படுகை நடுவில் மேடாகவோ குழியாகவோ வரும். ஏரியில் எவ்வளவு வண்டல் இருக்கிறது என்ற கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பயம் தரும் விஷயம். தை மாதம் நம் ஊர்களில் எருது விடும் விழா. தெருவின் இரண்டு பக்கமும் ஜனம், நடுவில் காளை பாய்ந்து வரும். தாழ்வாக அகல லென்ஸில் எடுத்தால் வேகம் இரட்டிப்பாகத் தெரியும். அதனால்தான் எல்லோரும் ட்ரோனைத் தாழ்வாக இறக்குகிறார்கள். ஆனால் 84 டிகிரி லென்ஸில் பழகிய கண்ணுக்கு 120 டிகிரி திரையில் எதுவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதாகத்தான் தெரியும். 20 மீட்டர் தள்ளி இருப்பதாக நினைக்கும் மின்கம்பம் 10 மீட்டரில் நிற்கும். கம்பி கண்ணிலேயே படாது. கீழே நிற்பவர்கள் தலையில் ட்ரோன் விழுந்தால் என்ன ஆகும், காளை மிரண்டால் எந்தப் பக்கம் திரும்பும்? அங்கே சாதாரண லென்ஸோடு, கூட்டத்துக்கு வெளியே, வயல் பக்கமாக நின்று எடுங்கள். திரையைப் பார்க்க நீங்கள், ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர். அந்த இன்னொருவர் “ஏத்துணா” என்றால் எந்த ஷாட்டாக இருந்தாலும் விட்டுவிட்டு ஏற்றிவிடுங்கள்.