முன்னுரையிலேயே சறுக்கும் வரலாற்றுக் கட்டுரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று சிலர் தாங்கள் எழுதிய வரலாற்றுக் கட்டுரைகளை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் தகவலில் குறை இருக்காது. ஆண்டு, பெயர், இடம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் முதல் பத்தியைப் படித்து முடித்த பிறகும், 'சரி, இவர் என்னதான் சொல்ல வருகிறார்?' என்ற கேள்வி அப்படியே நிற்கும். மாதக்கணக்கில் படித்த உழைப்பு இந்த ஒரு பத்தியால் வெளியே தெரியாமல் போகிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பேசுவோம். 'புதிய உடைக் கட்டுப்பாடுகளே 1806 வேலூர்ப் புரட்சிக்கு முதன்மைக் காரணம். ஆராய்க.'

நடந்தது நம்மில் பலருக்குத் தெரியும். 1805 நவம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குப் புதிய விதிகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசையைக் கத்தரிக்க வேண்டும். தோலால் ஆன சின்னம் பதித்த புதிய தலைப்பாகையும் வந்தது. 1806 மே மாதம் அதை அணிய மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார்.

இதற்கு நான் அடிக்கடி பார்க்கும் முன்னுரை இப்படித் தொடங்கும்: 'வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர்கள் மெல்ல மெல்ல நம் நாட்டையே கைப்பற்றினர்.' பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தை வெட்டி எடுத்து உப்புச் சத்தியாகிரகம் பற்றிய கட்டுரையில் ஒட்டினால் அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தும். எங்கேயும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் கட்டுரைக்கென்று எதையும் செய்யவில்லை என்று பொருள். 1600-இல் கம்பெனி தொடங்கியதிலிருந்து புறப்பட்டால் வேலூருக்கு வந்து சேர்வதற்குள் பத்தி முடிந்துவிடும். பொதுவான ஒரு மேற்கோளைத் தூக்கி முதலில் வைப்பதும் இதே வகைதான். பள்ளியில் மொழிப்பாடக் கட்டுரைக்குப் பழகிய பழக்கம் அது. அங்கே அழகு, இங்கே இடத்தை அடைக்கிறது.

கேள்வி நிற்கும் இடத்திலேயே போய் நின்றுகொள்ளுங்கள். 'வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்கள் ஏற்றியது மைசூரின் புலிக்கொடியை. தலைப்பாகைக்காக எழுந்தவர்களுக்கு அந்தக் கொடி எதற்கு?' இரண்டே வாக்கியம்தான். படிப்பவர் கேள்விக்குள் வந்துவிட்டார்.

அடுத்த தவறு, கேள்வியையே பதிலாகத் திருப்பி எழுதுவது. 'வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்.' காண்போம் என்றால் எப்போது? திருத்துபவர் இப்போதே பதிலை எதிர்பார்க்கிறார். மைய வாதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகவலை வைப்பதும் இப்படித்தான். '1806 ஜூலை 10 அன்று வேலூரில் புரட்சி நடந்தது' என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க ஆளில்லாத ஒன்றை நிறுவுவதற்குக் கட்டுரை எதற்கு?

இனி வருவதுதான் என்னை மிகவும் வாட்டுகிற தவறு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே செய்வது. 'வேலூர்ப் புரட்சிக்கு அரசியல், பொருளாதார, சமூக, சமயக் காரணங்கள் இருந்தன.' பார்த்தால் முழுமையான பதில் போலத் தெரியும். ஆனால் உலகில் எந்தக் கிளர்ச்சிக்குத்தான் இந்த நான்கும் இல்லை? வேலூர் என்ற பெயரை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் இந்த வாக்கியம் அசையாது. காரணங்களை அடுக்கியாகிவிட்டது, எது எதைத் தூண்டியது, எது கனம் கூடியது என்று எடை போடவில்லை. 'ஆராய்க' என்ற சொல் கேட்பது அந்த எடை போடுதலைத்தான்.

அப்படி எழுதிய ஒரு தம்பியோடு ஒருநாள் உட்கார்ந்தேன். "நாலு காரணத்துல ஒண்ணை எடுத்துட்டா புரட்சி நடந்திருக்காதுன்னா, எதை எடுப்பே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அண்ணே, தலைப்பாகை எல்லா ஊர்ப் படைக்கும்தானே வந்துச்சு? வேலூர்ல மட்டும் ஏன் இவ்வளவு பெருசாச்சு?" என்றான். அந்தக் கேள்வி வந்தவுடனே பாதி வேலை முடிந்துவிட்டது. 1799-இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தை வைத்திருந்தது வேலூர்க் கோட்டையில். எழுந்த சிப்பாய்கள் தங்கள் தலைவராக அறிவித்தது திப்புவின் மகன் பதே ஹைதரை. பிறகு கம்பெனி அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. இவற்றையெல்லாம் சேர்த்து அவன் எழுதினான்: 'உடைக் கட்டுப்பாடு ஒரு சாக்கு மட்டுமே, புரட்சியின் உண்மையான வேர் கோட்டைக்குள் சிறையிருந்த திப்புவின் குடும்பமே.'

நான்கு காரணப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, எதிர்த்து வாதாட இடமும் இருக்கிறது. இதற்கு மேலும் ஒரு படி போக வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்கிடையில், நம் ஊர்ப் பெருமை சம்பந்தப்பட்ட ஒரு தவறு. 'இந்தியாவின் முதல் சுதந்திரப் போர் வேலூரில்தான் நடந்தது' என்று தொடங்கும் முன்னுரைகள் நிறைய. வேலூரை நினைத்தால் எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. 2006-இல் இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல் தலை வந்தபோது மகிழ்ந்தவன் நான். ஆனால் கேள்வி காரணத்தைக் கேட்கிறது. 'முதல்' என்ற பட்டம் காரணத்தைச் சொல்லாது. அதுவும் '1857-க்கு முன்னோடி' என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டால் சிக்கல் கூடிவிடும். 1806-இல் கோட்டைக்குள் இருந்த எவருக்கும் 1857 தெரியாது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது. அந்த ஒப்பீட்டை விளைவுகளைப் பேசும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள், அங்கே அதற்கு மரியாதை உண்டு.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பக்கக் கட்டுரைக்கு ஐந்தாறு வாக்கியம் போதும். மைய வாதம் அந்தப் பத்தியின் இறுதியில் வந்தால் அடுத்த பத்தி தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கடைசித் தவறு, முன்னுரையை முதலில் எழுதிவிட்டு அதன் பக்கம் திரும்பிப் பார்க்காமலே இருப்பது. அந்தத் தம்பி கட்டுரையின் மூன்றாவது பத்தியில் ஐதராபாத்தைப் பற்றி எழுதியிருந்தான். அதே ஆண்டு அங்கிருந்த கம்பெனிப் படையிலும் இதே தலைப்பாகைக்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஆணையைத் திரும்பப் பெற்றதும் தணிந்தது. நல்ல தகவல்தான். ஆனால் ஐதராபாத்தில் திப்புவின் குடும்பம் இல்லை. அப்படியிருந்தும் கொதிப்பு இருந்தது என்றால், தலைப்பாகை எப்படி வெறும் சாக்காகும்? அவன் கொடுத்த சான்றே அவன் வாதத்தை அடிக்கிறது. திருத்துபவர் கண்ணில் இது உடனே படும். தேர்வறையில் நேரம் இல்லைதான். அதனால்தான் முதல் ஐந்து நிமிடத்தில் சான்றுகளைத் துண்டாகக் குறித்துக்கொண்டு, அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்த பிறகு மைய வாதத்தை எழுதச் சொல்கிறேன். வீட்டில் எழுதுகிறவர்கள் முழுக் கட்டுரையும் முடிந்த பின் முதல் பத்திக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

அவன் திரும்பினான். 'சாக்கு', 'மட்டுமே' என்ற இரண்டு சொற்களையும் அடித்தான். அரைமணி நேரம் கழித்துத் தாளை நீட்டியபோது அதில் இப்படி இருந்தது: 'உடைக் கட்டுப்பாடு சென்னைப் படை முழுவதையும் கொதிக்க வைத்தது, அந்தக் கொதிப்பு வேலூரில் ஆட்சியையே மாற்றத் துணிந்த எழுச்சியானதற்கு, கோட்டைக்குள்ளேயே ஒரு மாற்று அரச குடும்பம் இருந்தது காரணம்.'