அம்பாசிடர் ஐடிலிங்கில் குலுங்கினால்

வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவதுதான் ஐடிலிங். அதில் குலுங்கினால், முதலில் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். மெக்கானிக்குகளே செய்கிற இந்த அவசரம் எனக்குப் பிடிக்காது. உண்மையான கோளாறு தீராமல் மறைந்து கிடக்கும். நான் சொல்வது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு.

வண்டியை நன்றாகச் சூடாக்கி, சோக்கை (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் குமிழ்) முழுக்க உள்ளே தள்ளுங்கள். ஐடிலிங்கில் ஓடும்போதே ரப்பர் கைப்பிடி போட்ட பிளையரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையை இன்ஜின் உடம்பில் தொடவிட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போக வேண்டாம். கழற்றியதும் ஓட்டம் இன்னும் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையா? அதுதான் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் போச்சு. மாறாவிட்டால் வயரைப் பாருங்கள், அப்புறம் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்).

நான்கு வயரில் எதைக் கழற்றினாலும் ஒரே மாதிரி தடுமாறினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள், 0.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பிறகு கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. பெட்ரோல் தெளித்துப் பார்க்கவே கூடாது: இந்த இன்ஜினில் சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டும் அதே பக்கம்தான், தீப்பிடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.