பாசியைத் தேய்க்கும் முன் பக்கெட்டைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை கடல்மீன் தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குகிறோம். புதன்கிழமை அதே இடத்தில் மறுபடி பச்சை. தேய்த்ததில் குறையில்லை, பாசிக்கான தீனி வேறு வழியில் போய்க்கொண்டே இருக்கிறது.

பெரும்பாலும் அது பக்கெட்டில் வருகிறது. குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் கரைந்திருக்கலாம். "எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பார்கள். குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில், ருசிக்காக வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலக்கும் ஏற்பாடோ தாது சேர்க்கும் குப்பியோ உண்டு. நமக்கு நல்லதுதான், கடல் தொட்டிக்கு ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பின் அயனி நீக்கும் பிசினையும் தாண்டி வந்த நீரில் கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். சென்னைக்காரர்கள் சிலர் மெரினாவில் கடல் நீரைக் கேனில் பிடித்து வருகிறார்கள். ஒரு பக்கம் கூவமும் மறுபக்கம் அடையாறும் கலக்கும் கரை அது!

அடுத்த தவறு, ஆவியான அளவை உப்பு நீரால் நிரப்புவது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கிலோவுக்கு 35 கிராம் என்றிருக்க வேண்டிய உப்பு நாளுக்கு நாள் ஏறும். தூய நீரையே ஊற்றுங்கள். உப்பு நீர் கலப்பது தண்ணீர் மாற்றும்போது மட்டும்.

மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்காத இரை பாசிக்குத்தான். விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் படியும் பழுப்புத் தூள் டயாட்டம் என்னும் நுண்பாசி. பெரும்பாலும் தானே அடங்கும், மருந்து ஊற்றாதீர்கள். சிவப்பு ஆடை போலப் படர்வதோ பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.

டெஸ்ட் கிட்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. பாறை முழுக்கப் பாசி மண்டிய தொட்டியிலும் பாஸ்பேட் 0 என்றே காட்டக்கூடும். இருந்ததைப் பாசி தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். நான் போனேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளை இரண்டு மடங்கு போட்டேன். பாசி ஒழிந்தது; அந்த இடத்தில், குமிழி கோத்த சளி போல டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரி படர்ந்தது. துகளை எடுத்துவிட்டு, மீனுக்கு இரையைக் கொஞ்சம் கூட்டிய பிறகே அது குறைந்தது.