பழைய 15 இன்ச் எல்சிடி வாங்கி எழுத்து பளிச்சுனு தெரிய வைக்கிறது எப்படி

சிஆர்டி (பழைய பிக்சர் டியூப் மானிட்டர்) டப்பா மேஜையில பாதி இடத்தை அடைச்சுக்குதுன்னு 2000 வாக்குல வந்த எல்சிடி மானிட்டர் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல தேடுறீங்கன்னா முதல்ல சைஸ் கணக்கை தெரிஞ்சுக்கோங்க. 17 இன்ச் சிஆர்டில கண்ணுக்கு தெரியுறது 16 இன்ச் சுமார்தான், மிச்சம் பிரேமுக்குள்ள போயிடும், எல்சிடில 15ன்னா முழுசா 15, அதனால 15 எடுத்தா பெருசா நஷ்டம் இல்ல.

அடுத்து பின்னாடி திருப்பி கனெக்டரை பாருங்க. விஜிஏ (பழைய அனலாக் கனெக்டர்) இருந்தா ஓகே, டிவிஐ (டிஜிட்டல் கனெக்டர்) இருந்தா ரொம்ப நல்லது. டிவிஐ 1999ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி டிஜிட்டலுக்கு கம்பெனிக்கு ஒரு கனெக்டர்னு இருந்துச்சு. சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனி 1998ல விட்ட 1600எஸ்டபிள்யூ மானிட்டர், 17.3 இன்ச், 1600x1024, பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா அதுக்குன்னு இருக்கிற கார்டோ கன்வர்ட்டர் பாக்ஸோ கிடைக்கலன்னா ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு. பவர் அடாப்டர் தனியா வர்ற மாடல்னா அதையும் கேட்டு வாங்கிடுங்க.

காசு குடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓடவிட்டு பாருங்க. உள்ள பேக்லைட்டுக்கு இருக்கிறது சின்ன டியூப்லைட் மாதிரி ஒண்ணு, வயசானா ஆன் பண்ணதும் செவப்பு அடிக்கும், சூடானப்புறமும் செவப்பு போகலன்னா விட்டுடுங்க. ரெண்டு செகண்ட் தெரிஞ்சுட்டு கருப்பாயிடுச்சுன்னா டார்ச்சை சாய்ச்சு அடிச்சு பாருங்க, படம் லேசா தெரிஞ்சா பேனல் நல்லாருக்கு, டியூப்போ, அதுக்கு கரண்ட் குடுக்கிற இன்வெர்ட்டர் போர்டோ தான் போயிருக்கு. நீங்களே திறக்காதீங்க, இன்வெர்ட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் இருக்கும், டியூப்ல பாதரசம் வேற.

வீட்டுக்கு வந்ததும் ரெசல்யூஷன். சிஆர்டில எதை வெச்சாலும் ஓடும், இங்க புள்ளிங்க எண்ணி வெச்ச மாதிரி இருக்கிறதால 15 இன்ச்சுக்கு பெரும்பாலும் 1024x768, 17க்கும் 19க்கும் 1280x1024, வேற எதை வெச்சாலும் இழுத்துக் காட்டி எழுத்து மங்கிடும். சிஆர்டில கண்ணு வலிக்குதுன்னு 85 ஹெர்ட்ஸ் வெச்சவங்க இங்க 60ஐயே விட்டுடலாம், லைட் தனியா எரியுறதால ரெஃப்ரெஷ் குறைஞ்சாலும் மினுக்காது.

விஜிஏல போட்டவங்க பாதிப்பேர் கோட்டை விடுறது இங்கதான். பெயிண்ட்ல 2x2 பிக்சல்ல ஒரு படம், எதிரெதிர் மூலைல ரெண்டு கருப்பு, மிச்ச ரெண்டும் வெள்ளை, அதை டைல் பண்ணி வால்பேப்பரா போடுங்க. இப்போ மானிட்டர்ல ஆட்டோ பட்டனை அமுக்குங்க. திரை முழுக்க ஒரே சாம்பல் நிறமா நின்னா வேலை முடிஞ்சது. மேலிருந்து கீழா அகலமான பட்டைங்க தெரிஞ்சா மானிட்டர் மெனுல கிளாக்ங்கிற செட்டிங்கை ஒவ்வொண்ணா ஏத்தி இறக்கி பட்டை முழுசா காணாமப் போற வரைக்கும் பாருங்க, அப்புறமும் மொத்தமா நடுங்கினா ஃபேஸ்ங்கிற செட்டிங்கை நகர்த்துங்க, ஃபேஸை முதல்ல தொட்டா வேலைக்கு ஆகாது. டிவிஐல இந்த தலைவலியே கிடையாது.

விண்டோஸ் எக்ஸ்பின்னா கிளியர்டைப் (எழுத்து ஓரத்தை வழவழப்பாக்குற வசதி) ஆஃப்லதான் வரும், டிஸ்ப்ளே ப்ராப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ்னு போய் ஆன் பண்ணிடுங்க, எழுத்து வழவழன்னு ஆயிடும்.

டைப் பண்ண, படிக்க இது போதும், வேகமான கேம்ஸ்ல மட்டும் படத்துக்கு பின்னாடி நிழல் இழுக்கும், அதுக்கு அந்த டப்பாவையே இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கோங்க.